கண்ணாடிக் கூரைக் கோச்சி

ஸ்காபரோ,
கனடா.

அன்பின் மாமா, மாமிக்கு,

மருமகன் எழுதுவது.

விசா கிடைத்த செய்தி கேட்டதிலிருந்து உங்கள் மகளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "நயாகரா எல்லாம் வேணாம் மருமகன், கூரை முழுக்கக் கண்ணாடியான கோச்சி ஒண்டு ஓடுதாமே, அதில ஏத்தி விடுங்க" என்று போனில் கேட்டீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு, மீதியை மாளிகைக்காட்டுத் தேத்தண்ணிக் கடையில் நீங்களே சேர்த்துச் சொல்லுவீர்கள். அதனால்தான் எழுத்திலேயே வைக்கிறேன்.

நம்மட ஆக்களுக்குக் கோச்சியே அதிசயம்தான். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த கோச்சி, அதைத் தாண்டி நம்மட காரைதீவுக்கு வர இன்னும் மனம் வைக்கவில்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரர் எடுத்த எடுப்பில் கண்ணாடிக் கூரைப் பெட்டியில் ஏற ஆசைப்படுவது நியாயமே. ஆனால் ஒன்று: வெயில் படாமல் இருக்க நாம் ஓலையும் ஓடும் போடுகிறோம். இங்கே கூரையைக் கண்ணாடியாக்கி, வெயிலில் குந்தவைத்துக் காசு வாங்குகிறார்கள். பயப்பட வேண்டாம், உள்ளே ஏசி இருக்கிறது.

இந்தக் கண்ணாடிக் கூரை யோசனை ஒரு கார்க் கம்பனிக்காரருடையது. ஜெனரல் மோட்டர்ஸைச் சேர்ந்த சைரஸ் ஒஸ்போர்ன் 1944இல் கொலராடோ மலைப்பக்கம் ரயில் எஞ்சினில் ஏறிப் போனார். டிரைவருக்குக் கிடைக்கிற காட்சி டிக்கட் எடுத்தவனுக்குக் கிடைக்கவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. மறுவருடமே கூரைக்கு மேல் கண்ணாடி மாடம் வைத்த பெட்டி ஓடத் தொடங்கிவிட்டது. பதுளைக் கோச்சியின் கடைசிப் பெட்டியில் குந்தினால் கடந்துபோன மலையைத்தான் பார்க்கலாம். மாடத்தில் குந்தினால் வரப்போகிற மலையும் தெரியும்.

இனி எதில் ஏறுவது என்ற விசயத்துக்கு வருவோம்.

முதலாவது, வியா ரெயிலின் 'கனேடியன்'. ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் வரை 4,466 கிலோமீற்றர், நாலு இரவுப் பயணம். 1955இல் இறக்கிய அதே துருப்பிடிக்காத உருக்குப் பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. மலிவு டிக்கட்காரருக்கும் மாடம் உண்டு. மேலே 24 இருக்கைதான், இலக்கம் கிடையாது. கல்முனை பஸ்ஸுக்கு ஜன்னலால் லேஞ்சி போட்டு சீற் பிடித்த அனுபவம் உங்களுக்கு அங்கே கைகொடுக்கும். ஆனால் மலிவு டிக்கட்டில் நாலு இரவும் கதிரையிலேயே சாய்ந்து படுக்கவேண்டும். மலை வருமுன் ஒன்டாரியோக் காடு, அதற்குப் பிறகு கோதுமை வயல். வயல் பார்க்கச் சம்மாந்துறை போதும் மாமா. 3,954 மீற்றர் உயர றொப்சன் மலையைப் பகலில் காட்டுகிற நேரசூசி, பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கை இருட்டில் கடக்கிறது. இதில் தண்டவாளம் வேறு சரக்குக் கம்பனியுடையது. சரக்குக் கோச்சி வந்தால் நம்மட கோச்சி ஒதுங்கி நிற்கும். பிந்திப்போனால் மலையும் இருட்டுக்குள் போய்விடும்.

இரண்டாவது, றொக்கி மவுண்டனியர். வன்கூவரில் ஏறி பான்ஃபில் இறங்குவது. பகலில் மட்டும் ஓடும், இரவு கம்லூப்ஸில் ஹோட்டல். இருக்கைக்கு இலக்கம் உண்டு. 1909இல் மலைக்குள் சுற்றிச் சுற்றி வெட்டிய ஸ்பைரல் சுரங்கங்கள் வழியாகப் போகும். தெமோதரையில் தண்டவாளம் தன்னையே சுற்றி ஸ்டேசனுக்கு அடியால் போவதைப் பார்த்து நீங்கள் வாய் பிளந்தீர்களே, அதே வித்தை இங்கே மலைக்குள் நடக்கிறது. மலை தலைக்கு மேல் எழும்பி நிற்கிற இடத்தில்தான் கண்ணாடிக் கூரைக்குப் பெறுமதி. வெட்டைவெளியில் அது வெறும் வெயில்.

இதிலும் இரண்டு வகுப்பு. 'கோல்ட் லீஃப்' என்றால் இரண்டு தட்டு: மேலே முழுக்கண்ணாடி மாடம், கீழே சாப்பாட்டறை, வெளியே காற்று வாங்க ஒரு திண்ணை. 'சில்வர் லீஃப்' ஒரே தட்டு. ஜன்னல் கூரை வரை வளைந்து ஏறும், சாப்பாடு இருந்த இடத்துக்கே வரும். மாமியின் முழங்காலுக்கு மாடிப்படி ஒத்துவராது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். விலையும் குறைவு. என்னுடைய தீர்ப்பு சில்வர் லீஃப்.

இதைத்தான் வீட்டில் சொன்னேன். "கலியாணத்துக்கு எண்ட அப்பா உங்களுக்கு வெள்ளியா போட்டவர்?" என்று ஒரே கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் குசினிக்குள் போய் மீன் கழுவினேன்.

ஆகவே மாமா, கண்ணகை அம்மன் திருக்குளிர்த்தி முடிந்த கையோடு விமானம் ஏறுங்கள். வைகாசி முடிந்தால் இங்கே பகல் நீளம், மலை நன்றாகத் தெரியும். ஏறுமுன் மகளுக்கு ஒரு கோல் எடுத்து, "வெள்ளி போதும் மகள்" என்று நீங்களாகச் சொல்வதுபோல் சொல்லிவிடுங்கள். நான் சொல்லித் தந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்