கொரியா மருமகளும் 30 நாள் நோட்டீசும்

வாடா பேராண்டி, உக்காரு. இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் பண்ணப் போறேன்னு போன பய, கொரியாக்காரியைக் கட்டிக்கப்போறேன்னு வந்து நிக்கிறே. பலே! உங்கப்பன் நன்னிலத்தைத் தாண்டிப் பொண்ணு பாக்கவே யோசிச்சான். சரி, சின்ன தாத்தா சொல்றதைக் கேட்டுட்டுப் போ.

நம்ம பத்ரகாளியம்மன் சன்னிதியில தாலியைக் கட்டிட்டா முடிஞ்சுதுன்னு உங்கம்மா சொல்லுவா. அம்மன் ஒத்துக்குவா, சர்க்கார் ஒத்துக்காது. இந்து திருமணச் சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான் செல்லும். உனக்கு 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் கதி. நோட்டீஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது நோட்டீஸ் வாங்குற ஆபீஸ் இருக்கிற மாவட்டத்துல 30 நாள் குடியிருந்திருக்கணும். அப்புறம் நோட்டீசை ஆபீஸ்ல ஒட்டி இன்னொரு 30 நாள் போடுவாங்க, ஆட்சேபம் உள்ளவன் வரலாம்னு. நம்மூர்ல ஆட்சேபம் இல்லாம எந்தக் கல்யாணம்டா நடந்திருக்கு? ஆனா அங்க எடுபடுறது வேற: முன்னமே கட்டினது உசிரோட இருக்கா, வயசு பத்தலையா, இந்த மாதிரி. ‘பொண்ணுக்குக் கோலம் போடத் தெரியாது’ன்னு உன் அத்தை எழுதிக் குடுத்தா குப்பைக்குத்தான் போகும்.

அந்தப் பொண்ணு கல்யாணம் ஆகாதவன்னு கொரியாவுலேர்ந்து காயிதம் வரணும். அதுல ‘நிஜக் காயிதம்தான்’னு அவங்க சர்க்கார் போடுற அப்போஸ்டில் முத்திரை, கூடவே மொழிபெயர்ப்பு. இங்க கல்யாணம் ஆனதும் நம்ம சர்ட்டிபிகேட்டுக்குப் புதுச்சேரி சர்க்கார் சான்றொப்பம், அது மேல வெளியுறவுத் துறை அப்போஸ்டில், அதைக் கொண்டுபோய்க் கொரியாவுல பதியணும். கி.பி. 48-ல அயுத்தாங்கிற தேசத்துலேர்ந்து ஒரு ராஜகுமாரி கப்பலேறிப் போய் கிம் சுரோ ராஜாவைக் கட்டினாள்னு அவங்க ‘சம்குக் யூசா’ங்கிற பழைய புஸ்தகம் சொல்லுதாம். அயோத்திதான்னு ஒரு கூட்டம், இல்ல கன்னியாகுமரிப் பக்கம்தான்னு ஒரு கூட்டம் இன்னும் மல்லுக்கு நிக்குது. அன்னைக்கே எவனாவது அவகிட்ட அப்போஸ்டில் கேட்டிருந்தா இந்தச் சண்டையே இல்ல.

என்னடா கள்ளச் சிரிப்பு? கொரியா பாஸ்போர்ட்தானே மனசுல? அங்க அவளோட ரெண்டு வருஷம் குடியிருந்தா மனு போடலாம். கல்யாணத்தால வந்தவன் பழைய குடியுரிமையை உங்க ஊர்ல காட்டமாட்டேன்னு எழுதிக் குடுத்தா வச்சுக்கலாம்னு 2011-லேர்ந்து கொரியாக்காரன் தாராளமா இருக்கான். நம்மாளு விடமாட்டான். 1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், 9-ம் பிரிவு: அடுத்த நாட்டுக் குடியுரிமையை நீயா வாங்கினா, அப்பவே நீ இந்தியன் இல்ல. பின்னால வெளிநாட்டு இந்தியனுக்குக் குடுக்கிற ஓசிஐ அட்டை வாங்கலாம். வரலாம், போகலாம், காரைக்கால்ல வீடு வாங்கலாம். ஆனா ஒரு குழி நஞ்சை வாங்க முடியாது. உங்கப்பன் பங்கு உனக்கு வரும், அதோட சரி. வாய்க்காலோரம் மூணு மா நிலம் விலைக்கு வருது பாரு, அதுக்கு நீ போட்டிக்கு வரலேன்னா எனக்கு நல்லதுதான். அதனால என் பேச்சை மட்டும் நம்பாதே, வக்கீலையும் கேட்டுக்க.

இந்தக் கூத்து நம்ம மண்ணுக்குப் புதுசா? 1962 ஆகஸ்ட் 16-ல பிரெஞ்சுக்காரன் நம்ம ஊரை இந்தியாவுக்கு ஒப்படைச்ச ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தவன் பிரெஞ்சுக்காரனாவே இருக்கலாம்னாங்க. எங்கப்பாவுக்கு அந்த ஆறு மாசமும் சம்பா நடவு, களையெடுப்பு, அறுப்புன்னே போச்சு. எழுதிக் குடுத்தவன் பேரன் பாரிசுல இருக்கான். எழுதாதவன் பேரன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டுப் பொண்ணு ஜாதகம் கிடைக்குமான்னு அலையுறான்.

உன் பொண்டாட்டியும் இந்தியக் காயிதத்துக்கு அவசரப்பட வேணாம். பதிஞ்ச கல்யாணம் ரெண்டு வருஷம் நிலைச்சா அவளுக்கும் ஓசிஐ உண்டு. விவாகரத்து ஆச்சுன்னா அட்டையும் போச்சு, அதனால வாயை அடக்கிக் குடும்பம் நடத்து. இந்தியக் குடியுரிமையே வேணும்னா ஏழு வருஷம் இங்க இருக்கணும். ஆம்பளப் புள்ள பொறந்தா இன்னொண்ணு: பொறப்புலேயே கொரியா உரிமையும் வந்துடும். வேணாம்னா அவனுக்கு 18 ஆகிற வருஷம் மார்ச் 31-க்குள்ள எழுதிக் குடுத்துடணும். தவறினா பொதுவா அவங்க பட்டாளத்துக் கணக்கைத் தீக்காம லேசுல கழட்டிக்க முடியாது.

சாட்சி மூணு பேர் வேணும், ஒண்ணு நான். நோட்டீஸ் குடுத்த நாள்லேர்ந்து மூணு மாசத்துக்குள்ள முடி, இல்லேன்னா மறுபடி முதல்லேர்ந்து நோட்டீஸ். சொந்தக்காரங்களைச் சனிக்கிழமை மட்டும் வரச் சொல்லாதே. திருநள்ளாறு கூட்டத்துல பஸ்ல நிக்கக்கூட இடம் இருக்காது.