கடையோடு சிகிச்சையையும் சேர்த்து நடத்தக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்), சென்னை.

பொருள்: குடிநோய்ச் சிகிச்சையை மக்கள் நல்வாழ்வுத் துறையின் தோளிலிருந்து இறக்கி, மதுபானச் சில்லறை விற்பனைப் பிரிவிடம் ஒப்படைக்கக் கோருதல் தொடர்பாக.



ஓர் அரசு நிறுவனம் கடைக்கோடிச் சிற்றூர் வரை சென்று, குறித்த நேரத்தில் கதவைத் திறந்து, சரக்கு தீர்ந்துவிட்டது என்று யாரையும் திருப்பி அனுப்பாமல் ஆண்டு முழுவதும் சேவை வழங்க இயலுமா என்ற ஐயம் பொது நிர்வாகத்தை ஆராய்வோரிடம் அடிக்கடி எழுவதுண்டு. இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் அழுத்தமான சான்று கழகமே. 1983இல் மதுபான மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்டு, 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் தனியுரிமையாக ஏற்றுக்கொண்ட இந்நிறுவனம், 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பின்னரும் 4,829 கடைகளை நடத்தியது; நண்பகல் 12 மணிக்குத் திறக்க வேண்டிய கதவு பத்து நிமிடம் தாமதித்தால் அதைக் கண்டிக்க வாசலிலேயே ஒரு கூட்டம் காத்திருப்பதால், வேறு பல அலுவலகங்களுக்கு வாய்க்காத நேரந்தவறாமையும் இதற்கு வாய்த்திருக்கிறது. இத்தகைய ஆற்றல் விற்பனை என்னும் ஒற்றைப் பணியில் முடங்கிக் கிடப்பது நாட்டுக்கு இழப்பு என்பதால், குடிநோய்ச் சிகிச்சையின் முழுப் பொறுப்பையும் கழகமே ஏற்றருள வேண்டும் என்று கோரப்படுகிறது.

குடிநோய் என்பது மதுவின் மீதான அடங்காத வேட்கையும், தொடங்கினால் அளவோடு நிறுத்த முடியாமையும், விட முயலும்போது உடலும் மனமும் படும் துன்பமும் சேர்ந்த நாட்பட்ட நோய். அது ஒழுக்கக்கேடு அன்று என்று மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லி வருவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றுக்கொண்டு, மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்தது. 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்துகிற அல்லது நிதி அளிக்கிற மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்குகிறது. ஆகவே ஒருவர் கடையின் கம்பி வலைக்குள் கையை நீட்டிக் குவாட்டர் கேட்பதும், பின்னொரு நாள் நடுங்கும் அதே கையோடு மருத்துவரைக் கேட்பதும் ஒரே அரசிடம் வைக்கப்படும் இரண்டு கோரிக்கைகள். முதலாவது கோரிக்கைக்கு அரை நிமிடத்தில் பதில் கிடைக்கிறது.

இரண்டாவதன் நிலையை 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு தெரிவிக்கிறது. சிகிச்சை இடைவெளி, அதாவது நோய் இருந்தும் சிகிச்சை பெறாதோரின் பங்கு, இந்திய அளவில் குடிநோயைப் பொறுத்தவரை ஏறத்தாழ 86 விழுக்காடு என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. இதைக் குறைக்க அரசு முயலவே இல்லை என்று கூறுவது அவதூறாகிவிடும். மனநலச் சேவையைத் தலைநகர மருத்துவமனைகளிலிருந்து மாவட்டங்களுக்குப் பரப்பும் பொருட்டு 1996இல் நாட்டில் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டம் இங்கும் நடக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தொலைபேசி ஆலோசனை 2022 அக்டோபர் முதல் கிடைக்கிறது. 2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் திறக்கப்பட்டன. பெயர் நன்றாக வாய்த்திருக்கிறது என்பதை எதிர்ப்பாளரும் ஒப்புவர். எனினும் 4,829 கடைகளை 25 மையங்களால் வகுத்தால் ஒரு மையத்துக்கு 193 கடைகள் என்ற கணக்கு வருகிறது. கடைக்கு நடந்து போகிறவர் மையத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டியிருப்பதன் காரணமும் அந்த வகுத்தலுக்குள்ளேயே இருக்கிறது.

விற்பதும் குணப்படுத்துவதும் ஒரே நிறுவனத்திடம் இருப்பது முரணாகாதா என்று கேட்போருக்கு இம்மாநிலத்தின் வரலாறே விடை தருகிறது. 1937இல் சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமையேற்ற ராஜாஜி அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் கைவிட்டுப் போன ஆயத்தீர்வையை, அதாவது மதுவின் மீது அரசு பெற்றுவந்த வரியை, ஈடுகட்டும் பொருட்டு 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் திரும்பி, 1981இல் மீண்டும் விலகியது. ஈடுகட்ட வந்த வரி மட்டும் நிலைத்தது. அவ்வரியின் வழித்தோன்றலான மதிப்புக் கூட்டு வரி இப்போது மதுவின் மீதே விதிக்கப்பட்டு, 2023–24இல் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த ஏறத்தாழ 45,855 கோடி ரூபாயில் பெரும்பங்காக அமைந்தது. அடுத்த ஆண்டில் மொத்த வருவாய் 48,000 கோடியைத் தாண்டியது. சில்லறை விற்பனைக்கான தனியுரிமையும் வேறெந்தச் சட்டத்தின்கீழும் அன்று, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்தான் கழகத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது. விலக்குவதற்கான சட்டத்தைக் கொண்டு விற்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, விற்பதற்கான கடையைக் கொண்டு குணப்படுத்துவது பெரிய காரியமாக இராது.

நிர்வாகத் திறனைப் பொறுத்தவரை 2020ஆம் ஆண்டே போதிய அத்தாட்சி. ஊரடங்கை முன்னிட்டு மார்ச் மாத இறுதியில் மூடப்பட்ட கடைகள் மே மாதத்தில் திறக்கப்பட்டபோது, சவுக்குக் கம்புகளால் தடுப்பு கட்டுவதும், சுண்ணாம்பால் வட்டம் வரைவதும், நாளுக்கொரு நிறத்தில் டோக்கன் அச்சிடுவதும், காவலுக்குப் போலீசாரை நிறுத்துவதும் சில நாட்களுக்குள் நடந்தேறின. கடைகள் மூடியிருந்த வாரங்களில் நடந்தவற்றுக்கு மட்டும் டோக்கன் இல்லை. நாள்தோறும் குடித்துப் பழகிய உடல் திடீரென்று மதுவை இழக்கும்போது 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்குகின்றன. சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வருகிறது. இன்னும் சிலருக்கு மூன்றாம் நாளையொட்டி, இல்லாதவை கண்ணில் தெரியும் கடும் சித்தக்கலக்கம் ஏற்பட்டு, கவனிக்காவிட்டால் உயிரும் போகிறது. விலகல் அறிகுறிகள் எனப்படும் இவற்றை டையஸெபாம் வகை மாத்திரைகளாலும் தயமின் என்னும் பி1 வைட்டமினாலும் மருத்துவர் மேற்பார்வையில் பெரும்பாலும் தணித்துவிடலாம். விலை குறைந்த அந்த மருந்துகளுக்கு வட்டமும் தடுப்பும் யாரும் போடவில்லை என்பதால் அவ்வாரங்களில் வார்னிஷையும் சவரத்துக்குப் பின் பூசும் திரவத்தையும் குடித்து இறந்தோரைப் பற்றிய செய்திகள் வந்தன.

அரசு போகாத இடத்தை வேறு பலர் நிரப்பியிருக்கிறார்கள். பேருந்து நிலையச் சுவர்களில், குடிப்பவருக்குத் தெரியாமலேயே சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாம் என்று ஒரு கைபேசி எண்ணோடு விளம்பரம் ஒட்டப்பட்டிருக்கிறது. டைசல்ஃபிராம் போன்ற மருந்து இவ்வாறு மறைத்துக் கொடுக்கப்பட்டு, அதை அறியாதவர் அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பது அந்தச் சுவரில் எழுதப்படுவதில்லை. கோயிலில் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டு இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யும் வழக்கம் இன்னொரு வழி. அதற்குச் செலவு குறைவு, பக்கவிளைவும் இல்லை, தவணை முடிந்த மாலையில் என்ன நடக்கும் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். மூன்றாவதாக, வீட்டாரின் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு ஆளை வண்டியில் ஏற்றிச் சென்று பூட்டி வைக்கும் தனியார் இல்லங்கள் உள்ளன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகு சங்கிலிக்குச் சட்டத்தில் தடை வந்தது. பூட்டுக்கு வேண்டிய உரிமமும் ஆய்வும் ஏட்டளவில் உள்ளன. உலகத்தரமான சிகிச்சைக்கு முன்மாதிரியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை: சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளியோடு குடும்பத்தையும் அமர்த்திப் பேசும் முறையை அப்போதிருந்தே நடத்திக் காட்டி வருகிறது.

கழகத்தின் மேன்மை முழுமையாக வெளிப்படும் திட்டம் ஒன்று உண்டு. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானை முதலிய விலங்குகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற கவலையால், சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதற்கிணங்க 2022இல் நீலகிரி மாவட்டத்தில் காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது; விற்கும்போது 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, பாட்டில் திரும்பியதும் அத்தொகை திருப்பித் தரப்படுகிறது. விற்ற பொருள் என்ன ஆயிற்று என்று விற்றவரே பொறுப்பேற்றுத் தேடிச் செல்லும் இந்நெறி மிக உயர்ந்தது. பாட்டிலுக்குள் இருந்ததைப் பெற்றுக்கொண்டவருக்கும் இதே நெறியை நீட்டித்து, ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு சிறு தொகையைப் பிடித்துவைத்து, அவர் சிகிச்சைக்கு வரும் நாளில் அதை மருத்துவச் செலவுக்குத் திருப்புவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் தெரியவில்லை. காலிப் பாட்டிலைவிட மனிதரைத் திரும்பப் பெறுவது கடினம் என்று மறுப்பு வரலாம். ஆனால் பாட்டில் தானாக நடந்து வருவதில்லை, மனிதர் நாள்தோறும் அதே கடைக்கு வருகிறார்.

நடைமுறை எளிது. கடைகளில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என 23,000க்கும் மேற்பட்டோர் தொகுப்பூதியத்தில் பணிபுரிகின்றனர். யார் காலையில் கதவடியில் வந்து நிற்கிறார், யாருக்குச் சில மாதங்களாகக் கை அதிகம் நடுங்குகிறது, யார் திடீரென்று வருவதில்லை என்பதை எந்த மருத்துவரையும்விட இவர்களே நன்கறிவர். ஒவ்வொரு கடைக்கும் விற்பனை கணக்கிடப்படுவதுபோல், எத்தனை பேர் மாவட்ட மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர், அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் தொடர்ந்து வந்தனர் என்ற கணக்கும் கேட்கப்படலாம். தீபாவளிக்கு மறுநாள் செய்தித்தாள்களில் மண்டலவாரியாக விற்பனைத் தொகை வெளியாவதைப் போல, மாவட்டவாரியாக மீண்டவர் பட்டியலும் வெளியாகட்டும். மீண்டும் குடிக்கத் தொடங்குவது இந்நோயின் இயல்பான கட்டங்களுள் ஒன்று என்பதால், சில நாட்கள் படுக்கையில் வைத்து உடலைத் தெளியவைத்து அனுப்புவதோடு சிகிச்சை முடிவதில்லை. வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்தும் ஆலோசனையும் மாதக்கணக்கில் வேண்டும், அதற்கோ அந்த மருந்து வட்ட மருத்துவமனையில் இருப்பில் இருக்க வேண்டும். பீர் வகைகளை வெயிற்காலத்துக்கு முன்பே கணித்துச் சேமித்து வைப்பவர்களுக்கு மாத்திரைக் கையிருப்பைக் கற்பிக்க வேண்டியதில்லை.

எல்லாக் கடைகளையும் ஒரே இரவில் மூடுமாறு இவ்விண்ணப்பம் கோரவில்லை என்பதையும் இவ்விடத்தில் தெளிவுபடுத்துவது நல்லது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது கழகத்தின் கடைகள் திறந்தேதான் இருந்தன; கடை இருந்தால் கள்ளச்சாராயம் இராது என்ற அரசுத்தரப்பு வாதமும், கடையை மூடினால் நோய் தீரும் என்ற மேடை வாதமும் அங்கே ஒரே வாரத்தில் பொய்த்தன. கடையில் விற்பதைவிட மலிவானதைத் தேடிப் போன கூலித்தொழிலாளர்கள் அவர்களில் பலர். அவர்களுடைய நோயை அதற்கு முன் யாரேனும் கேட்டிருந்தார்களா என்பதைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை.

இறுதியாக, தொடங்குவதற்கு ஏற்ற நாளும் கழகத்தின் நாட்காட்டியிலேயே உள்ளது. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் கூடி முடிவெடுக்கும் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. கடையை அகற்றக் கோரும் தீர்மானங்கள், பெரும்பாலும் பெண்களின் குரலில், பல ஊர்களில் அந்நாட்களில் நிறைவேறுகின்றன. ஆண்டில் மது விற்பனை கூடாது என்று அறிவிக்கப்படும் எட்டு நாட்களுள் இந்நான்கும் அடங்கும் என்பதால், ஊர் முழுவதும் கடையைப் பற்றிப் பேசும் நாளில் கடை மட்டும் விடுப்பில் இருக்கிறது. அன்று காலையில் கை நடுங்குவோர் எவரெவர் என்பது ஊருக்கே தெரியவரும் நாளும் அதுவே. எனவே அந்நான்கு நாட்களிலும் கழகத்தின் ஊழியர்கள் மாவட்ட மனநல மருத்துவருடன் கிராம சபைக்கு வந்து, பெயர் பதிவு செய்து, மருந்து வழங்கி, அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துக் கொடுக்குமாறு ஆணையிட வேண்டுகிறது இவ்விண்ணப்பம். இதற்கான மேசை நாற்காலிகளுக்குத் தனி நிதி ஒதுக்கத் தேவையில்லை. கடையையொட்டிய பாரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அன்று அவை சும்மாதான் கிடக்கும்.