உண்டியல் உடைத்து வாங்கிய புத்தகம்

கேள்வி: ஏனுங்க, கைப்பேசிக்குள்ளேயே ஆயிரம் புத்தகம் அடங்கிவிடுகிறதே, அச்சுப் புத்தகத்தை இன்னுமா வாங்குகிறார்கள்?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ஆகஸ்டில் ஈரோட்டுக்கு பஸ் ஏறுங்க. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் அங்கே புத்தகத் திருவிழா நடத்துகிறது. அதற்கென்றே உண்டியலில் காசு சேர்க்கிற பள்ளிப் பிள்ளைகள் உண்டு. சில்லறையை எண்ணிக் கொடுத்து வாங்கிய புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு குழந்தை நடப்பதைப் பார்த்துவிட்டால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வராது.

திரையை நான் பழிக்க மாட்டேன். கடைகளில் கிடைக்காத பழந்தமிழ் நூல்களை 1998 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டத்துக்கு நான் கடன்பட்டவன். ஆனால் கைப்பேசியில் நாவல் படித்தால், கதாநாயகி அழும் இடத்தில் தேங்காய் விலை வந்து நிற்கும்; சம்பந்தி வீட்டிலிருந்து காலை வணக்கம் வரும். புத்தகத்துக்குள் யாரும் போன் போட முடியாது!

ஈரோடு தூரமென்றால் கோவை ராஜவீதி விஜயா பதிப்பகத்துக்குப் போங்க. ஒன்றைத் தேடிப் போய், அதன் பக்கத்தில் இருந்த மூன்றையும் சேர்த்து அள்ளி வருவீங்க. வீட்டில் அம்மிணி கோபித்துக்கொண்டால் அதில் ஒன்றைக் கையில் கொடுங்க. அன்றைக்குச் சோறு மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.