இருங்க, சட்டை மாத்திட்டு வர்றேன்

தெருவில் தொழில் செய்கிற ஒருவரிடம் போய், "அண்ணே, உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டால் நம் ஊரில் வருகிற பதில் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, "எதுக்கு?" இரண்டு, "எந்த டிவி?" மூன்று, "இருங்க, சட்டை மாத்திட்டு வர்றேன்." முதல் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிடலாம். மூன்றாவதைக் கேட்டதும்தான் கேமராக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். விடியற்காலை எழுந்து, லென்ஸைத் துடைத்து, முதல் பஸ் பிடித்து அவர் வந்ததே அந்த ஓட்டை பனியனுக்காகத்தான். அதன்மேல் மடிப்புக் கலையாத சட்டையை மாட்டிக்கொண்டு ஒருவர் விறைப்பாக வந்து நின்றால் கலையின் கதி என்ன? "வேணாம்ணே, இப்படியே இருங்க, இதுதான் இயல்பா இருக்கு" என்று கெஞ்ச ஆரம்பிப்பார். 'இயல்பா இருங்க' என்று சொல்லப்பட்ட பிறகு இயல்பாக இருந்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வழக்கில் நான் சட்டை மாற்றப் போனவர் கட்சி. அக்கம்பக்கத்து மனிதர்களைப் படமெடுத்து அறிந்துகொள்ளப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், அவருக்கு உருப்படியாகக் கிடைக்கப்போவது அந்த விறைப்பான படத்தில்தான் இருக்கிறது, பனியனில் இல்லை.

சைக்கிள் பஞ்சர் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேப்பமரத்தடி, மரத்தில் மாட்டிய பழைய டயர், பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் கலங்கல் தண்ணீர். கடைக்காரர் டியூபை உருவிக் காற்றடித்து, சாண் சாணாகத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே போவார். ஓரிடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அங்கே கட்டைவிரலை வைத்து வெளியே எடுத்து, ஈரம் போகத் துடைத்து, சுரண்டி, சொல்யூஷன் தடவி, அது காய்வதற்குள் உள்ளாட்சித் தேர்தலைப் பேசி முடித்துவிடுவார். கேமராக்காரருக்கு அந்தக் குமிழி போதும். அதற்காகத் தரையில் படுக்கவும் தயார். கடைக்காரருக்கோ அந்தக் குமிழியில் ஒன்றுமே இல்லை. தினமும் பார்த்துச் சலித்த குமிழி. படம் என்றதும் அவர் கையைத் துடைத்து, ஆணியில் தொங்கும் சட்டையை மாட்டி, தண்ணீர் தொட்டுத் தலையைப் படிய வைத்து, டிரம்மை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் ஏர் கம்ப்ரெசர் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். கேமராக்காரர் கண்ணுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்த அந்த இரும்பு உருளை படத்தைக் கெடுக்க வந்த சனியன். ஆனால் "இது எப்பண்ணே வாங்குனது?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும். மனைவி பேரில் எடுத்த குழுக் கடன், இன்னும் பாக்கியிருக்கும் தவணை, கைப்பம்பு அடித்து அடித்துத் தோள் இறங்கிப்போனது, ட்யூப்லெஸ் டயர் வந்து பாதி வருமானத்தைத் தின்றது என்று அந்தக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கே வெளியில் வந்துவிடும். குமிழியைக் கேட்டால் காற்றுதான் வரும்.

புகைப்படக் கலையின் பிறப்பே என் கட்சிக்கு ஒரு சாட்சி. 1838-இல் பாரிஸில் லூயி தாகேர் ஜன்னலிலிருந்து பூல்வார் து தாம்ப்ள் என்ற சாலையைப் படமெடுத்தார். தகட்டில் காட்சி பதியச் சில நிமிடங்கள் ஆகிற காலம் அது. ஜேஜே என்று இருந்த சாலை. வண்டி, குதிரை, அவசரமாகப் போன கனவான், சீமாட்டி எல்லோரும் அந்தச் சில நிமிடங்களில் ஆவியாகிப் போனார்கள். மிஞ்சியது இரண்டே பேர். காலைத் தூக்கி வைத்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவரும், போட்டுவிட்ட ஒருவரும். மனிதர் விழுந்த முதல் புகைப்படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். ராஜா இல்லை, மந்திரி இல்லை, தெருவோரத் தொழிலாளியும் அவருடைய வாடிக்கையாளரும். ஓடியவர் எவரும் விழவில்லை, நின்றவர் விழுந்தார். (காசு கொடுத்தவர் கொஞ்சம் தெளிவாகவும், கையை ஆட்டி வேலை செய்தவர் கலங்கலாகவும் விழுந்திருக்கிறார்கள். அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை.) கேமரா பிறவியிலேயே பொறுமைசாலி. அவசரம் எல்லாம் பிற்பாடு நாம் அதற்குப் பழக்கிக் கொடுத்தது.

கேட்காமல் எடுப்பதற்கும் நம்மிடம் நீண்ட பாரம்பரியம் உண்டு. வெள்ளைக்காரர்கள் 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டு தொகுதிகள் போட்டார்கள். படத்துக்கு அடியில் பெரும்பாலும் சாதியும் இனமும் இருக்கும், ஆள் பேர் இருக்காது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். படம் பிடித்ததோடு நிற்காமல் அளவுகோலை வைத்து மூக்கையும் அளந்தார். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, வகுத்தால் என்ன வருகிறது. 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் அவர் பேரில் வெளிவந்தன. மூக்கை அவ்வளவு கிட்டே போய்ப் பார்த்த மனிதர், அதே வேகத்தில் மூக்குக்குச் சொந்தக்காரரிடம் "பேர் என்னப்பா, எந்த ஊரு?" என்று விசாரித்து எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு எத்தனை பேருக்குப் பாட்டனாரின் படம் கிடைத்திருக்கும்! மீன்பிடித் துறைமுகத்திலும் கோயில் வாசலிலும் ஞாயிறு காலை ஒரே பெரியவரைப் பத்து லென்ஸ்கள் சூழ்ந்து நிற்பதைப் பார்க்கும்போது தர்ஸ்டன் துரை நினைவுக்கு வராமல் போவதில்லை. இப்போது யாரும் மூக்கை அளப்பதில்லை. சுருக்கத்தை எண்ணுகிறார்கள். அதைக் கருப்பு வெள்ளையாக்கி, கீழே 'வாழ்க்கை' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெரியவருக்கு ஒரு பேர் இருக்கும் என்பதும், அது 'வாழ்க்கை' இல்லை என்பதும் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டரும் பேர் போடவில்லையே, 'மிட்டாய்க்காரர்', 'விவசாயி' என்று தொழிலைத்தானே போட்டார் என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். நியாயமான மடக்குதான். ஆனால் அந்த மிட்டாய்க்காரர் நிற்கிற நிலையைப் பாருங்கள். உருண்டை உடம்பு, வெள்ளைக் கோட்டு, கையில் பெரிய பாத்திரம், நேருக்கு நேர் ஒரு முறைப்பு. 'என் சமையலறை, என் பாத்திரம், நீ யார்?' என்று கேட்கிற முறைப்பு. சாண்டர் அவரை நிற்கவிட்டார். 1929-இல் அறுபது படங்களோடு அவர் கொண்டுவந்த புத்தகத்தின் அச்சுத் தகடுகளை 1936-இல் நாஜிகள் அழித்தார்கள். அவரவர் அவரவர் மாதிரியே நிற்பது சில அரசுகளுக்குச் செரிக்காத விஷயம். ஆப்பிரிக்காவின் பமாகோ நகரில் 1948-இல் ஸ்டூடியோ திறந்த செய்தூ கெய்த்தா என்ற புகைப்படக்காரர், கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். வருகிறவர்கள் வேண்டியதை மாட்டிக்கொண்டு நின்றார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் இதே கதைதானே? அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை, பிளாஸ்டிக் பூ வைத்த ஸ்டூல், எங்கும் லைன் போகாத ஒரு டெலிபோன், ஊருக்கே பொதுவான பல் உடைந்த சீப்பு, பவுடர் டப்பா. அந்த ரேடியோ அவருடையது இல்லை, இந்த டெலிபோன் இவருடையது இல்லை. ஆனால் ஆசை அவரவருடையது. பொய்ச் சாமான்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மனிதர்கள் உண்மையைச் சொல்கிற இடம் போட்டோ ஸ்டூடியோ. வேறு எங்கே இப்படி நடக்கிறது? பெண் பார்க்கும் படலத்தில் இரண்டும் பொய்யாக இருக்கும்.

"தெரியாமல் எடுத்த படத்தில்தானே உண்மை இருக்கிறது, கேட்டுவிட்டால் நடிப்பு வந்துவிடுகிறதே" என்பது அடுத்த வாதம். இதற்கு ஆதாரமாகப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1952-இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு தீர்மானகரமான அந்தக் கணத்தைப் பற்றிக் கம்பீரமாகப் பேசுகிறது. பிரெஞ்சுத் தலைப்பில் அந்தக் கம்பீரம் கிடையாது. அவசர அவசரமாக, ஒளிவு மறைவாக எடுத்த படங்கள் என்கிறது. உரிமம் இல்லாமல் நடைபாதையில் கடை விரித்து, முனிசிபாலிட்டி வண்டி தலை காட்டியதும் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவர்களின் வியாபாரத்துக்குச் சொல்கிற சொல் அது. மனிதர் நேர்மையானவர், ஒத்துக்கொண்டுவிட்டார். அவருடைய பக்தர்கள்தான் ஒத்துக்கொள்வதில்லை. விவியன் மாயரைச் சொன்னால் எனக்கே பதில் கொஞ்சம் திணறும். சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கும் மேல் படமெடுத்த பெண். அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. 2009-இல் இறந்துவிட்டார். பல படங்கள் நெஞ்சை நிறுத்துகிறவை, பல படங்கள் சொல்லாமல் எடுத்தவை. கெட்டிக்காரத் திருடர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது நல்ல படம் எடுப்பது பற்றி மட்டும் இல்லை, பக்கத்துத் தெருக்காரரைத் தெரிந்துகொள்வது பற்றி. மாயரின் தெரு மனிதர்களை இன்று உலகமே பார்க்கிறது. அவர்களில் எத்தனை பேர் மாயரைப் பார்த்திருப்பார்கள்?

தெரிந்துகொள்வது என்றால் மில்டன் ரோகோவின் செய்ததைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிற தொழில் அவருக்கு. 1957-இல் கம்யூனிஸ்ட் என்று விசாரணைக்கு இழுத்ததில் கடைக்கு ஆள் வருவது குறைந்துபோனது. பார்வை பார்க்க ஆள் வரவில்லை என்றால் நாமே போய் ஆளைப் பார்ப்போம் என்று அவர் கேமராவைத் தூக்கினார் என்பது என் வியாக்கியானம். 1972-இல் தொடங்கி, தன் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஏழைத் தெருக்களில் படமெடுத்தார். எப்படி நிற்பது என்பதை நிற்பவர்களிடமே விட்டார். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1980-களில் திரும்பப் போய் அதே ஆட்களைத் தேடிப் பிடித்தார், 1990-களில் இன்னொரு முறை, தொண்ணூறு வயதை ஒட்டி மறுபடியும். குழந்தையாக மடியில் இருந்தது அடுத்த படத்தில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும். இதில் நுட்பம் ஒன்றும் பெரிதாக இல்லை, நாலு முறை வாசல் மிதித்ததுதான். நியூயார்க்கில் 2010-இல் பிராண்டன் ஸ்டான்டன் பத்தாயிரம் பேரைப் படமெடுத்து வரைபடத்தில் குறிக்கப்போகிறேன் என்று கிளம்பினார். ஜனத்தொகைக் கணக்குக்காரர் மாதிரி ஆரம்பித்தவர், பேச்சுக் கொடுத்த பிறகு பேச்சிலேயே விழுந்துவிட்டார். அவருடைய 'நியூயார்க் மனிதர்கள்' தொடர் பேர் வாங்கியது பேச்சால்தான். அவரைப் பார்த்து ஊருக்கு ஊர் கிளம்பியவர்களில் சிலரிடம் ஒரு குறை எனக்கு உண்டு. எதிரில் இருப்பவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடும்வரை விடமாட்டார்கள். இளநீர் வெட்டுகிறவரிடம் இளநீரைப் பற்றியும் கேட்கலாம்.

கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. எல்லோரையும் சட்டை மாற்றி நிறுத்தினால் வறுமையை, கஷ்டத்தை யார் காட்டுவது? இஸ்திரி வண்டிக்காரர் வெள்ளை வேட்டியில் நின்றால் கரிப்பெட்டியின் கனல் யாருக்குத் தெரியும்? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கஷ்டத்தைக் காட்டுவதற்கும் ஓர் உறவு தேவைப்படுகிறது. மதுரைக்காரரான எம். பழனி குமார், மலக்குழியில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர். மீன் விற்று வளர்த்த தன் தாயையும் படமெடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் துயரம் மறைக்கப்படவில்லை. எடுப்பவருக்கு எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்கிறீர்களா? முடியாது. தேர் வடம் பிடிப்பவரிடம் அனுமதி கேட்கப் போனால் தேர் நின்றுவிடும். எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, அவரவரே எடுத்துக்கொள்கிறார்களே என்பது மிச்சமிருக்கும் வாதம். எடுக்கிறார்கள். பேரனை எடுக்கிறார்கள், பிரியாணியை எடுக்கிறார்கள், எடுக்கிறவர் எதிலும் இருப்பதில்லை. கீரைக்காரம்மாவின் படம் என்று தேடினால் கையில் கிடைப்பது ஆதார் அட்டை. அதில் இருப்பது தான்தான் என்று அவரே சத்தியம் செய்தால் ஒழிய யாரும் நம்ப முடியாது. ஒருவர் போய்ச் சேர்ந்ததும் வீட்டில் நடக்கிற முதல் கலவரம் படம் தேடுவது. ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்தில், சாப்பாட்டுப் பந்தியில், வாயில் அப்பளத்தோடு மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பார். ஸ்டூடியோக்காரர் அப்பளத்தை அழித்து, பக்கத்து ஆளின் தோளை வெட்டி, நீல நிறத்தைப் பின்னால் ஊற்றி, அவர் ஆயுளில் போட்டிராத கோட்டைப் போட்டுவிட்டுக் கண்ணீர் அஞ்சலிக்கு அனுப்புவார். உயிரோடு இருக்கும்போது சட்டை மாற்ற இரண்டு நிமிடம் கொடுக்காதவர்கள், அப்புறம் கோட்டே தைத்துப் போடுகிறார்கள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பழைய ஆட்கள் பயந்ததில் ஓரளவு தர்க்கம் இருந்திருக்கிறது. அவர்கள் சுவரில் பார்த்த படங்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தது.

ஆகவே பிரிண்ட் போட்டுக் கொடுப்பது முக்கியம். டீயும் வடையும் சாப்பிடுகிற காசில் முடிகிற காரியம். "வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன்" என்பது அனுப்பமாட்டேன் என்பதற்கு இன்றைய தமிழ். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றி வரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வருவது குறை. பஞ்சர் கடைக்காரர் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, தள்ளி வைத்துப் பார்த்து, பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடமும் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கம்ப்ரெசர் பாதிதான் விழுந்திருக்கு." இன்னொன்று எடுத்துவிடலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆணியில் சட்டை இருக்காது.