ஸ்பெயின் அக்கா

ஈஜிபுராவில் தமிழ் பேசும் கே பையன்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால், ஐந்தாவதாக ஒருவர் வந்து நிற்பார். நாற்பதைத் தாண்டிய வயது, ஐ.டி. சம்பளம், இரண்டாவது மாடியில் ஒன் பி.எச்.கே., வாணியம்பாடிப் பக்கம் ஊர். முகத்துக்கு நேரே ‘அண்ணா’. அவர் காசு கொடுத்துவிட்டு நகர்ந்ததும் ‘ஸ்பெயின் அக்கா’. பெங்களூரில் ஏரியாவுக்கு ஒருவர் இப்படி உண்டு. கோரமங்கலா அக்காவுக்கு பாங்காக், இந்திரா நகர் அக்காவுக்கு பெர்லின். நம்மவருக்கு ஸ்பெயின் கடற்கரை, அதிலும் மாலகாவை ஒட்டிய டோரெமோலினோஸ், அதிலும் குறிப்பாக அங்குள்ள ஆண்கள் சவுனா.

இந்த யாத்திரை விசா விண்ணப்பத்தில் தொடங்குகிறது. கவரிங் லெட்டரில் உண்மையை எழுத முடியுமா? ‘வேர்க்க உட்கார்ந்துவிட்டு வரப் போகிறேன்’ என்று எந்தத் தூதரகத்துக்கு எழுதுவது? ஆகவே அக்கா கலாரசிகர் ஆகிறார். கிரனாடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனை, மாலகாவில் பிக்காசோ மியூசியம். பிக்காசோ பிறந்தது அதே மாலகாவில், 1881-ல் என்பதுவரை லெட்டரில் இருக்கும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதையும் எடுத்து, பேங்க் ஸ்டேட்மென்ட்டை நோட்டுப் புத்தகம்போல் தைத்து நீட்டுவார். அல்ஹம்ப்ராவை இன்றுவரை அவர் பார்த்தது ஏர்போர்ட்டில் வாங்கிய ஃபிரிட்ஜ் மேக்னட்டில்தான்.

தூதரகத்தைச் சமாளித்துவிடலாம். கீழ் வீட்டு ஓனரம்மா இருக்கிறாரே!

“இன்னாப்பா, மறுபடியும் ஸ்பெயினா? அங்கியே பொண்ணு கிண்ணு பாத்து வெச்சிருக்கியா?”

“இல்லம்மா, ஆபீஸ் டூரு.”

“ஆபீஸ் டூருக்கு எதுக்குப்பா நாலு துண்டு?”

இந்த அம்மாவிடம் பொய் சொல்லி அக்காவுக்குப் பழக்கம் நிறைய. பெங்களூரில் ‘குட் அஸ் யூ’ என்ற கே ஆதரவுக் குழு 1994-ல் தொடங்கி வியாழக்கிழமைகளில் கூடிவந்தது. வியாழன்தான் விவேக் நகர் குழந்தை யேசு கோயிலுக்கும் விசேஷம். சாதி மதம் பார்க்காமல் கூட்டம் சேரும் கோயில், ஈஜிபுராவிலிருந்து நடந்தே போகலாம். அக்கா இளைஞராக இருந்த காலத்தில் கோயிலைச் சொல்லிவிட்டுக் குழுவுக்குப் போவார். ஓனரம்மா சும்மா விடுவாரா? “போறதுதான் போற, எனுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திடு” என்று காசு கொடுத்தனுப்புவார். இவரும் பயந்துபோய் முதலில் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அப்புறம்தான் கூட்டத்துக்குப் போவார். அவரைப்போல் ஒழுங்காக வியாழன் ஜெபத்துக்கு வந்த இந்து அந்த வட்டாரத்தில் இல்லை என்று பெயர்.

சரி, துண்டு விஷயத்துக்கு வருவோம். சவுனாவின் நடைமுறை எளிது. கவுன்டரில் பணம் கட்டினால் ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு, ரப்பர் வளையத்தில் கோத்த லாக்கர் சாவி. துணி, போன் எல்லாம் லாக்கருக்குள். முதலில் ஷவர், பிறகு எண்பது தொண்ணூறு டிகிரியில் கொதிக்கும் மர அறை, நீராவி அறை, ஜக்கூசி, ஓரமாக ஒரு பார், அப்பால் மங்கலான நடை, தாழ்ப்பாள் போட்ட சின்னச் சின்ன அறைகள். அவர்கள் தரும் துண்டு நம் ஆள் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, முனை செருகுவதற்குள் தீர்ந்துபோகும். ஈரோட்டுத் துண்டு ரயிலேறி விமானமேறிப் போவது இதனால்தான். அங்கே ஆறடி ஸ்வீடன்காரர்களின் துண்டெல்லாம் நடக்கும்போது அவிழ்ந்து விழ, அக்காவின் துண்டு மட்டும் அசையாது. பள்ளிக்கூட நாளிலிருந்து லுங்கியோடு சுவரேறிக் குதித்த இடுப்பு அது. எல்லாரும் எதையும் மறைக்காமல் திரியும் இடத்தில், முழங்காலுக்குக் கீழேவரை மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உலவும் ஒரே மனிதர் இவர்தான். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

நேரம் இன்னொரு சிக்கல். ஸ்பெயின்காரன் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு, அதற்கப்புறம்தான் ஊர் சுற்றக் கிளம்புவான். அக்காவோ ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி போய்ப் பழகியவர். சாயங்காலக் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள், வெயிலுக்காக அந்தக் கடற்கரையில் வந்து தங்கிவிட்ட ஜெர்மன், டச்சு பென்ஷன்காரர்கள். உள்ளூர் வாலிபர்கள் வந்து சேரும்போது அக்கா ஹோட்டலில் புளிக்காய்ச்சலைப் பிசைந்துகொண்டிருப்பார்.

நீராவி அறைதான் அவருக்கு உயிர். யூகலிப்டஸ் வாசனை போட்டு ஆவி வரும். “வேற ஒண்ணும் இல்லடா, நம்ம ஊட்டி நீலகிரித் தைலம்! சின்ன வயசுல சளி புடிச்சா எங்கம்மா போர்வைய மூடி ஆவி புடிக்க வெப்பாங்கல்ல, அதேதான். ஆனா இங்க போர்வைக்குள்ள பத்து பேரு” என்று கண்ணை மூடிச் சொல்வார்.

அந்த இடத்தின் முதல் சௌகரியமே அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதுதான். பெயர், ஊர், வேலை ஒன்றும் வேண்டாம். பிடித்திருந்தால் ஒரு பார்வை. பிடிக்கவில்லை என்றால் தோளில் பட்ட கையை மெல்ல எடுத்துவிட்டால் போதும், எதிராளி கோபப்படாமல் நகர்ந்துவிடுவார். ஊரில் ஒரு வரனை வேண்டாமென்று சொல்ல மூன்று தீபாவளிக்கு ஊருக்கே போகாமல் இருந்தவருக்கு, இது எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் அந்த விடுதலையை அக்காவால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது. ஆவிக்குள் மங்கலாக யாரோ இருப்பது தெரிந்ததும் இருமிக்கொள்வார். அப்புறம் தொடங்கும். எந்த ஊர்? அங்கேயேதான் பிறந்ததா? என்ன வேலை? பென்ஷன் வருமா? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? கல்யாணம் ஆயிற்றா? ஆகவில்லை என்றால், ஏன் ஆகவில்லை? ஒரு பிரெஞ்சுக்காரர் இதைப் போலீஸ் விசாரணை என்று நினைத்து லாக்கருக்கு ஓடியதாகக் கேள்வி. ஜக்கூசியில் மாட்டிய டச்சு இன்ஜினியரிடம் ஈஜிபுரா மேம்பாலத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார்: 2017-ல் தொடங்கியது, நீளம் இரண்டரை கிலோமீட்டர், இரண்டரை வருடத்தில் முடிப்பதாகப் பேச்சு, வருஷக்கணக்காகக் கம்பி நீட்டிக்கொண்டு நின்ற தூண்கள். டச்சுக்காரர் “இரண்டரை கிலோமீட்டருக்கா?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீரைவிட்டே எழுந்து போய்விட்டாராம்.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு விஷயத்தில் அக்காவை நான் மெச்சுவேன். போகிற இடத்தின் வரலாறு தெரிந்துகொண்டு போகிறவர். டோரெமோலினோஸில் பசாஹே பெகோன்யா என்றொரு சந்து. பிராங்கோ ஆட்சியிலேயே அங்கே கே பார்கள் தைரியமாக நடந்தன. 1971 ஜூன் 24 இரவு போலீஸ் புகுந்து நூறு பேருக்கு மேல் அள்ளிக்கொண்டு போனது. கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. அதே ஸ்பெயின் 2005-ல் ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றது. இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரலில் கிண்டல் இருக்காது. “நமக்கு 2018 செப்டம்பர் ஆறுலதான் குற்றம் இல்லன்னே சொன்னாங்க. கல்யாணம் கேட்டுப் போனோம், 2023-ல கோர்ட்டு கைய விரிச்சிடுச்சு. இன்னும் எவ்ளோ வருஷமோ” என்று டீ கிளாஸை வைப்பார்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். 8,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் வெந்நீரில் உட்கார்கிறவர், இந்தப் பெங்களூரிலேயே அப்படி ஒன்று இருந்ததைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. திருநங்கைகள் நடத்திய ஹமாம்கள். விறகடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிக்க விடும் இடம். அதுவே அவர்களுக்கு வீடு, பிழைப்பு, பாலியல் தொழில் நடக்கும் கூரை, போலீஸ் அடி வாங்கும் வாசல் எல்லாம். 2003-ல் மனித உரிமை அமைப்பான கர்நாடக பி.யு.சி.எல். வெளியிட்ட அறிக்கை இவற்றைப் பதிவு செய்தது. திருநங்கை ஏ. ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’யிலும் பெங்களூர் ஹமாம் வாழ்க்கை வருகிறது. இதைச் சொன்னால் அக்கா மூக்கைச் சுருக்குவார். “அதெல்லாம் வேறப்பா.” என்ன வேறு? அங்கே யூரோ, இங்கே ரூபாய். அங்கே ‘வெல்னஸ்’, இங்கே கேஸ். தன்னைப் பின்னால் எல்லாரும் அக்கா என்று அழைப்பது தெரிந்தால் மூக்கு இன்னும் சுருங்கும்.

திரும்பி வந்த வாரம் சிக்னல் அருகே டீக்கடையில் வகுப்பு நடக்கும். ஸ்பெயின் கடற்கரைகளில் சிட்ஜஸ் நல்லதா, மாஸ்பலோமாஸ் நல்லதா? சிட்ஜஸ் பார்சிலோனாவிலிருந்து ரயிலில் முக்கால் மணிகூட ஆகாது, ஆனால் விலை அதிகம். மாஸ்பலோமாஸில் யும்போ சென்டர் என்ற ஒரே கட்டடத்தில் எல்லாம் கிடைக்கும், ஆனால் அது தீவு, இன்னொரு ஃபிளைட். பையன்கள் வாய் பிளந்து கேட்பார்கள். துணிந்த ஒருவன் மட்டும் எல்லாருக்கும் மனதில் இருப்பதைக் கேட்டான்.

“அண்ணா, அங்க போயி... உண்மையிலேயே ஏதாச்சும்...?”

“சீ! ஒருத்தரு ரொம்ப நல்ல மனுஷன். ஹாம்பர்க். மூணு தங்கச்சி, ரெண்டு பேருக்குச் சுகர்.”

“சரிண்ணா, இதே மாதிரி ஒரு சவுனா நம்ம ஈஜிபுராவுலயே தொறந்தா?”

“இங்கயா? ஐயையோ, எவனாவது பாத்துட்டா என்ன ஆவறது?” அக்கா கிளாஸைக் கழுவும் வாளிக்குள் போட்டார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார். “தொறந்தா சொல்லு. எதிர்ல ஒரு டீக்கடை இருக்குமில்ல? யார் யார் உள்ள போறான்னு பாக்கணும்.”