வெள்ளிக்கிழமை மாலைக்காரர்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு முன்னால் அவருடைய அறிக்கை எதுவும் வெளியே வந்ததில்லை. அமெரிக்கப் பள்ளி வாரியம் ஒன்றின் ‘தகவல் தொடர்பு இயக்குநர்’. அதற்கு முன் அதே ஊர்ப் பேப்பரில் கல்வி நிருபர். பத்திரிகை ஆசிரியர் எத்தனை மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார், சனிக்கிழமைப் பேப்பரைப் புரட்டுபவர்கள் எவ்வளவு குறைவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நிருபராக இருந்தபோது வெள்ளி மாலை அறிக்கைகளை வாய் நிறையத் திட்டியவரும் அவர்தான். திங்கள்கிழமை விடுமுறை சேர்ந்துவந்தால் போதும், அவருக்குத் தீபாவளி. வாரக்கணக்கில் அமுக்கி வைத்த சங்கதியெல்லாம் அன்றைக்கு வெளியே வரும்.

அறிக்கையில் மூன்றே பத்திகள். மாணவர் நலனே முக்கியம். ஊழியர் ஒருவர் விடுப்பில் அனுப்பப்பட்டார். பணியாளர் விவகாரம் என்பதால் மேற்கொண்டு பேச இயலாது. அந்த ‘ஒருவர்’ எப்போதும் ஆசிரியை, மிஞ்சினால் தேர்வுப் பொறுப்பாளர். அறிக்கை மாடிப்படி ஏறியதே இல்லை.

இந்த மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடி ஐவி லீயும் முன்பு நியூயார்க் நிருபர்தான். 1906இல் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் கவிழ்ந்தபோது, மறைக்கப் பார்க்காமல் நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போனார். நம்மவருக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை போலிருக்கிறது.

ஆனால் அட்லாண்டா பள்ளிகளில் நடந்த தேர்வு மோசடி சிரிக்கிற விஷயம் அல்ல. மதிப்பெண்கள் தாறுமாறாக ஏறியதை உள்ளூர்ப் பேப்பர் தோண்டியது. 2011இல் மாநில விசாரணை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் மோசடி என்றது; 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சிக்கினார்கள். 2009இல் நாட்டின் சிறந்த பள்ளிக் கண்காணிப்பாளர் என்று விருது வாங்கிய, அந்த ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் பெவர்லி ஹால் குற்றச்சாட்டை மறுத்தார். நோயால் வழக்கை எதிர்கொள்ளாமலே 2015 மார்ச்சில் இறந்தார். அடுத்த மாதம் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, பெரும்பாலோர் கைவிலங்கோடு போனார்கள். விடைத்தாளில் அழித்து எழுதியவர்களுக்கு வக்காலத்து வேண்டாம். ஆனால் எட்ட முடியாத இலக்கை நிர்ணயித்து, எட்டியதாகச் சொன்னபோது கைதட்டிய சட்டமன்றக்காரர்களும் தொழிலதிபர்களும் எந்தக் கூண்டில் ஏறினார்கள்?

நம்மவரைப் பாவம் என்றும் சொல்லலாம். பேப்பரில் ஆள்குறைப்பு வந்து வேலை போனது. மகளின் கல்லூரிக் கட்டணம் போகவில்லை.

பழைய தொழில் இன்னும் கையில் இருக்கிறது. திங்கள் காலை இளம் நிருபரைக் கூப்பிட்டு, விடுப்பில் போன ஆசிரியையின் பெயரில் ஓர் எழுத்துத் தப்பு, திருத்தம் போடுங்கள் என்பார். கண்காணிப்பாளரின் பெயர் எங்கும் வரவில்லையே என்று அவள் கேட்டால், அதற்குள் அவருக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடும்.