தலைவன் யார்?

கேள்வி: அதட்டி அடக்கி, 'இங்கே தலைவன் யார்' என்று காட்டினால்தானே நாய் பணியும்?

பதில்: இந்த எண்ணத்தின் பூர்விகம், ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. பாசெல் விலங்குக்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களின் பூசலை, சிறைக்கைதிகளைக் கொண்டு குடும்ப வாழ்க்கையை எடைபோடுவதுபோல, பின்வந்தோர் ஓநாய்க் குலம் முழுமைக்கும், அதன்வழி நாய்க்கும் பொருத்திவிட்டனர். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதினார். மேலும், அடிபட்ட நாய் உறுமலை விடலாம், அச்சத்தை விடாது. அடுத்த முறை முன்னறிவிப்பின்றியே கடிக்கக்கூடும். மாறாக, கழுத்துப்பட்டையைக் கண்டு ஒடுங்கும் நாய்க்கு, பட்டை தொலைவில் தெரியும்போதே இறைச்சித் துண்டு தந்து, அது தானாக நெருங்கும்வரை நாள்கணக்கில் பொறுத்திருப்பது 'எதிர்ப்பழக்கமூட்டல்', அதாவது அஞ்சிய பொருளையே விருந்தின் அறிகுறியாக்குதல், எனப்படும். இறைச்சியோ எசமானரின் பொறுமையோ, எது முதலில் தீர்கிறதோ அத்துடன் அன்றைய வகுப்பு முடியும்.